அடுப்பு இல்லாத வீடு

‘ஒரு அடுப்புக்கு ஒரு வீடு.’ இந்த நான்கு சொற்களை பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, அதன் உட்பக்கத்தில் தடித்த நீலப் பேனாவால் எழுதி, எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டியவன் நான்தான். மாட்டிவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று அழகு வேறு பார்த்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவன், தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி என்னும் குமாஸ்தா, மலாயிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதத் தெரிந்தவன். தலைக்கனத்துக்கு இவ்வளவு போதாதா? அந்த வரியைப் படித்துவிட்டு ஒவ்வொருவரும் என் தோளில் தட்டிக்கொண்டு போனார்கள். நானும் வெட்கப்படுகிற மாதிரி நெளிந்துகொண்டு நின்றேன். இன்றைக்கு அந்த நெளிசலை நினைத்தாலே எனக்கு என் மீது ஆத்திரம் வருகிறது.

பெடாசுக்குப் பக்கத்தில், தம்பின் ஊருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையின் முடிவில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போக வேண்டியது. அதுதான் எங்கள் எல்லாருடைய பாட்டன் காலத்துச் சட்டம். கித்தா மரங்களைச் சாய்க்கும் நாளுக்குள் காலி செய்யவேண்டும் என்று கடிதம் வந்தபோது, எங்கே போவது என்று கேட்க எங்களுக்குள் யாருக்கும் தெரியவில்லை. செனாவாங் பேக்டரிக்கு மோட்டாரில் போய்வந்துகொண்டிருந்த பையன்கள்தான் முதலில் வாயைத் திறந்தார்கள். அங்கே வேறு தோட்டத்துக்காரர்கள் கூட்டம் போட்டு, போராடி வீடு வாங்கியதைக் கேட்டுவந்து சொன்னார்கள். அதன்பிறகு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆயாக்கொட்டகையில் கூட்டம். உத்தரத்தில் பிள்ளைகளின் ஏணைக் கயிறுகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஆவேசமாக எழுந்து பேசுகிறவர் முகத்தில் அந்தக் கயிறுதான் முதலில் இடிக்கும். நட்டஈட்டை வாங்கிக்கொண்டு போகலாம் என்பார் ஒருவர். மாடிக் குடியிருப்பு கொடுத்தால் போதும் என்பார் இன்னொருவர். சாமி கும்பிடும் மண்ணிலேயே தரைவீடு வேண்டும் என்று பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, நாட்டை ஆளுகிறவர்கள்கூட வீட்டைப் பற்றி அவ்வளவு நேர்மையாகச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

மாதக்கணக்கில் இழுத்து, ஒருவழியாக மலிவு விலைத் தரைவீடு கட்டித் தர ஒத்துக்கொண்டது கம்பெனி. ஆனால் லயத்தில் ஒரு கதவு எண்ணுக்கு ஒரு வீடுதான் என்றது. எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே கதவுக்குப் பின்னால் திரை போட்டு வாழ்ந்தன. குடும்பத்துக்கு ஒன்று கேட்கலாம் என்றால், குடும்பம் என்பதற்குக் காகிதம் வேண்டும். கோயிலில் தாலி கட்டிப் பத்து வருடமான பல பேர் பதிவே செய்யாதவர்கள். அந்தச் சிக்கலில் கூட்டம் திணறிக்கொண்டிருந்தபோதுதான் என் மண்டையில் அந்த யோசனை உதித்தது. கதவைப் பார்க்காதே, அடுப்பைப் பார். தனியாக உலை வைக்கிறவன் தனிக் குடும்பம். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த மலாய்க்கார அதிகாரியிடம் ‘டாப்பூர்’ என்று சொன்னேன். அவர்கள் மொழியில் அடுப்புக்கும் அடுப்படிக்கும் அதுதான் பெயர். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். எங்கள் கம்பத்திலும், அதாவது கிராமத்திலும், இப்படித்தான் சொல்வோம் என்றார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார்: ஒன்று கதவு, இல்லை அடுப்பு. இரண்டையும் கலந்து கேட்கக்கூடாது. நாங்கள் ஒரே குரலில் அடுப்பு என்றோம்.

ஒரே குரல் என்கிறேன். ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாசற்பக்கம் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்த அவரை நாங்கள் ஸ்டோர் அண்ணன் என்போம்.

பால் ஸ்டோரில் வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் ரப்பர்ப் பாலை நிறுத்து, வடிகட்டி, தொட்டியில் ஊற்றுகிற வேலை அவருக்கு. கைவிரல் நகங்களெல்லாம் ஆசிட் பட்டு மஞ்சளாக இருக்கும். கடைசி லயத்தின் கோடி வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணமாகி ஆறு மாதத்தில் மனைவி தாய்வீடு போனவள் திரும்பி வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தனியாள் சமைத்துச் சாப்பிடுவது தோட்டத்தில் வழக்கமில்லை. ஏதாவது ஒரு வீட்டோடு சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்வார்கள். அவர் எங்கள் வீட்டோடு சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கவில்லை. தன் அரிசியையும், ஆற்றில் பிடித்த மீனையும், பின்பக்கத்துக் கீரையையும் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். நீலப் பூப்போட்ட தன்னுடைய மங்குத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக அடுப்படிக்கு வருவார். வந்தேன் என்று சொல்லமாட்டார். சாப்பிட்டேன் என்றும் சொல்லமாட்டார். மணையில் உட்கார்ந்தால் அம்மா பரிமாறுவாள். கழுவிக் கவிழ்த்துவிட்டு அதே வழியாகப் போவார். நான் வளர்ந்து, என் சொந்த அண்ணனுக்குக் கல்யாணமாகி, அண்ணி வந்தபிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அவர் எங்கள் அடுப்பில் சாப்பிட்டார். அவருடைய வீட்டில் அடுப்பு எரிந்ததே கிடையாது.

அன்று கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து, ஆபீசுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கதவு நம்பருன்னா எனக்கு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அடுப்புன்னு ஆயிருச்சு. என் வீட்டுல அடுப்பு ஏது?" என்றார். குற்றம் சொல்கிற குரலே அல்ல. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனி சொன்னபடி விட்டிருந்தால் அவர் பெயருக்கு ஒரு வீடு வந்திருக்கும். என் கெட்டிக்காரத்தனம் அதைப் பிடுங்கிவிட்டது. "அதுக்கென்னண்ணே, ஒரு அடுப்பு வச்சிட்டாப் போச்சு. நான் பார்த்துக்கறேன்" என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நம்ம வீட்டு அடுப்பே அவருக்கும் அடுப்புதானடா. இது தெரியாமதான் இவ்ளோ நாளு சாப்பிட்டாரா? நீயெல்லாம் படிச்சவனாடா?" என்றாள். திட்டிவிட்டு, மூலையில் கிடந்த மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்துத் திரி போட்டு, கரிபிடித்த ஒரு சட்டியையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினாள்.

அந்த வாரம் தோட்டம் முழுக்கப் புது அடுப்புகள் முளைத்தன. இருபது வருடம் மாமியாரோடு ஒரே உலையில் பொங்கியவர்கள் மூன்று செங்கல்லை வைத்துத் தனி அடுப்பு மூட்டினார்கள். கணக்கெடுப்புக்காகத்தான், இரண்டு நாளைக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள். அதில் பாதிப் பேர் பிறகு ஒன்றுசேரவே இல்லை. தனி அடுப்பின் ருசி கண்டுவிட்டதோ, இல்லை பழைய மனத்தாங்கலுக்கு ஒரு சாக்குக் கிடைத்ததோ, யார் கண்டது. நானும் சும்மா இருக்கவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். என் அண்ணன் குடும்பமும் அப்பா அம்மாவும் ஓர் அடுப்பு. எனக்கென்று முன்பக்கத்து அஞ்சடித் திண்ணையில் பலகையால் மறைத்து இன்னோர் அடுப்பு வைத்தேன். ஊருக்குச் சட்டம் எழுதுகிறவன் தனக்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளாமல் இருப்பானா?

கணக்கெடுக்க அதே அதிகாரி வந்தார். ஒவ்வோர் அடுப்பின் முன்னாலும் நின்று, இன்றைக்கு என்ன சமையல் என்று மலாயில் கேட்பார். அவ்வளவுதான் அவருடைய சோதனை. என் அடுப்பைக் கேட்டபோது, மீன் குழம்பு என்று கண்ணிமைக்காமல் சொன்னேன். அடுப்பில் நெருப்பு பட்டதற்கான அடையாளமே இல்லை. அவர் குறித்துக்கொண்டார். கோடி வீட்டுக்குப் போனோம். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் அம்மாவின் சட்டி உட்கார்ந்திருந்தது. சாம்பார் என்று சொல்லவேண்டும் என்று நான் முதல்நாளே சொல்லிக்கொடுத்திருந்தேன். ஸ்டோர் அண்ணன் அதிகாரியைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "தா மாசா, துவான். மாக்கான் ரூமா ஓராங்" என்றார். நான் சமைப்பதில்லை ஐயா, பிறத்தியார் வீட்டில் சாப்பாடு என்று அர்த்தம். அதிகாரி சிரித்தே விட்டார். நல்ல மனுசர்தான். பெயரை அடித்துவிடாமல், அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். வெளியே வந்ததும் நான் அண்ணனைக் கடிந்துகொண்டேன். "பொய் வாய்ல வரமாட்டேங்குது தம்பி" என்றார்.

பட்டியல் திரும்பி வந்தபோது, கட்டப்போகும் வீடுகளைவிட எங்கள் அடுப்பு ஒன்று அதிகமாக இருந்தது. எதை எடுப்பது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நான் எத்தனையோ முறை மனதுக்குள் திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து பேசுகிறேன். உண்மையில் நடந்தது வேறு. மருந்தடிக்கும் பெண்களை மேற்பார்வை பார்க்கும் மண்டோராக இருந்த ஓர் அக்காதான் பேச்சைத் தொடங்கினார். ஒளிவுமறைவு தெரியாதவர். "புள்ளகுட்டி உள்ள அடுப்பு எதையும் எடுக்க முடியாது. மிச்சம் கரி படாத அடுப்பு ரெண்டுதான். ஒண்ணு ஸ்டோர் அண்ணன்து, ஒண்ணு கிராணிது. கிராணிக்குத் தையில கல்யாணம். அவரு அடுப்பு நாளைக்கு எரியும். அண்ணன் அடுப்பு எரியுமான்னு அண்ணன்தான் சொல்லணும்" என்றார். அத்தனை தலைகளும் வாசற்பக்கம் திரும்பின. யாராவது, அண்ணனுக்குக் கதவு எண் இருந்ததே என்று சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அதைச் சொல்லியிருக்கவேண்டியவன் நான். என் வாயில் கொழுக்கட்டை.

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "தம்பி பேரு இருக்கட்டும்லா. குடும்பம் ஆகப்போற புள்ள. நான் ஒத்த ஆளு, எங்க முடங்குனா என்ன" என்றார். உடனே ஆளாளுக்கு, எங்க வீட்டுக்கு எப்ப வேணும்னாலும் வாங்கண்ணே, ஒரு வாய் சோத்துக்கா பஞ்சம் என்றார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். தங்க வாருங்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் அடிக்கோலை எடுத்துப் பட்டியலில் வைத்து, அவர் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். கோடு கோணலாகிவிடக்கூடாது என்று கவனமாக இழுத்தது நினைவிருக்கிறது. தலையை நிமிர்த்தியபோது அவர் வாசலில் இல்லை. பால் ஸ்டோருக்குப் போயிருந்தார். அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மா பரிமாறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அண்ணிதான் சோறு போட்டாள். அவர் எப்போதும்போலச் சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

தாமான் என்று எல்லாரும் சொல்லும் புதுக் குடியிருப்புக்குப் போனோம். நல்ல வீடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று அறை, குழாய்த் தண்ணீர், முன்னால் இரும்புக் கேட், பின்னால் அடுத்த வரிசை வீட்டின் மதில். அப்பாவும் அம்மாவும் என் அண்ணனோடு இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். என் மனைவிக்குச் செனாவாங் பேக்டரியில் சிப்ட் வேலை. நான் பெடாசில் ஒரு கடையில் கிராணி வேலைக்குப் போனேன். நான் திரும்பும்போது அவள் பேக்டரி பஸ் ஏறியிருப்பாள். மூடி வைத்த சோற்றைத் தின்றுவிட்டு டிவியைப் போடுவேன். லயத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நான் தும்முவேன். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியதுகூட ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வீடு கிடைத்தது. ஆள்தான் இல்லை. ஸ்டோர் அண்ணன் பால் ஸ்டோரை இடிக்கும்வரை அதிலேயே படுத்திருந்தாராம். பிறகு எங்கே போனார் என்று கேட்டால், பார்க்கிறோம், விசாரிக்கிறோம் என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருடம் கழித்துச் செனாவாங் பஸ் நிற்குமிடத்துப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்தேன். கட்டிக்கொண்டிருந்த பேக்டரி ஒன்றில் ஜாகா வேலை, காவல் கொட்டகையிலேயே படுக்கை. மெலிந்து போயிருந்தார். எனக்குப் பிடித்த, பாலில்லாத வரக்கோப்பியை நான் கேட்காமலேயே சொல்லிவிட்டார். நம் வீட்டுப் பக்கம் வரவே இல்லையேண்ணே என்றேன். "ரெண்டு மூணு தடவ வந்தேன் தம்பி. கேட்டு பூட்டியிருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னேன்" என்றார். கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "வெளிய நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டுச் சோறு திங்கப் பழகலயே. அங்கன்னா பின்னால வழி இருந்துச்சு" என்றார். நான் கோப்பியைக் குடித்தேன்.

கிளம்பும்போது அவர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். "இதுல இன்னும் தோட்டத்து அட்ரஸ்தான் இருக்கு. மாத்தச் சொல்றாங்க. வெல்பேர்ல உதவி கேக்கப் போனாலும் வீடு எங்கன்னுதான் மொதல்ல கேக்கறாங்க. உன் வீட்டு நம்பரப் போட்டுக்கட்டுமா தம்பி? வந்து தங்கல்லாம் மாட்டேன். நம்பரு மட்டும்" என்றார். அந்த நிமிடம் எனக்குள் ஓடியதை மறைத்துப் பயனில்லை. பயம். அது யாருக்கு வந்திருக்கவேண்டிய வீடு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பெயர் அந்த எண்ணோடு ஒருமுறை சேர்ந்துவிட்டால் பிறகு அங்கே நான் யார்? "வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேண்ணே" என்றேன். "ஆமா ஆமா, கேட்டுட்டே சொல்லு. வீட்டுல கேக்காம செய்யக்கூடாது" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். நான் என் மனைவியிடம் கேட்கவே இல்லை. அதன்பிறகு செனாவாங் வழியாகப் போகவேண்டிய வேலை வந்தால் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

மறு வருடம் மழைக்காலத்தில், சிரம்பான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி கடைக்குப் போன் செய்தாள். ஜாகா கொட்டகையில் காய்ச்சலோடு கிடந்த ஸ்டோர் அண்ணனை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள், விடியற்காலையில் உயிர் போய்விட்டது, உடலைக் கேட்டு வாங்க ஆளில்லை, முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது கிராணி என்றாள். அப்படியே மோட்டாரை எடுத்தேன். வழியில் வீட்டில் நிறுத்தி, சிப்ட் முடிந்து படுத்திருந்த மனைவியை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நம்பர் விஷயம் உட்பட. அவள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். "என்னைய கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். நகங்கள் மட்டும் அப்படியே மஞ்சளாக இருந்தன. உடலை வாங்க ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பவேண்டும் என்று முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் நீட்டினாள். பெயர் எழுதினேன். உறவு என்ற இடத்தில் ‘அபாங்’, அண்ணன் என்று எழுதினேன். இறந்தவரின் முகவரி என்று அடுத்த கட்டம். அவருடைய அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் அப்படியே இருந்தது. அந்த மண்ணில் அப்போது கான்கிரீட் சாலையும் கடைவரிசையும் வந்துவிட்டிருந்தன. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, காலியாக விடக்கூடாது ஐயா, கட்டாயம் எழுதவேண்டும் என்று பாரத்தைத் திருப்பி வைத்தாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் நின்றவர் செருமினார். என் வீட்டு எண்ணை எழுதினேன். தெருப் பெயரை எழுதினேன். தாமானின் பெயரை எழுதினேன்.

அவள் இறந்தவரின் முகவரியையும் என் முகவரியையும் விரலால் தொட்டு ஒப்பிட்டாள். முத்திரையை எடுத்தவள் நிமிர்ந்து, "திங்கால் சாமா கா?" என்றாள். ஒரே வீட்டிலா இருந்தீர்கள் என்று கேட்கிறாள். ஆமாம், வீடு கிடைத்த நாளிலிருந்து என்று சொன்னேன்.